லீவ் ஃபார்ம் எங்கே இருக்கு? அலுவலக ஷேர்பாயிண்டை உருப்படியாக நடத்த ஒரு முழு வழிகாட்டி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலை. அங்கே ஷேர்பாயிண்டில் (அலுவலக ஃபைல்களையும் பக்கங்களையும் ஒரே இடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) ஊழியர்களுக்கு மட்டுமான உள் வலைத்தளமாக இன்ட்ராநெட் திறந்து, கேக் வெட்டி, எம்.டி. பேசி முடித்து மூன்று வாரம் ஆகியிருக்கும். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "எச்.ஆர். மேடம், லீவ் ஃபார்ம் இருந்தா கொஞ்சம் அனுப்புங்க." ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. மேஜைமேல் கிடந்த தாளை போனில் பிடித்த போட்டோ, ஓரத்தில் காபி டம்ளரோடு. அதே ஃபார்ம் இன்ட்ராநெட் முகப்பில் ஒரு பெரிய நீலப் பட்டனுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பட்டனை வைத்தவன் நான்.

கோபம் வந்தது உண்மை. சாயங்காலம் நானே உட்கார்ந்து தேடிப் பார்த்ததும் போய்விட்டது. நான்கு லீவ் ஃபார்ம் வந்தன. ஒன்று 2017-இல் போட்டது. ஒன்றின் பெயர் "ஃபைனல் 2 புதுசு". எது செல்லும் என்று எனக்கே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், ஷேர்பாயிண்டில் அப்படி யாருமில்லை. சூப்பர்வைசர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். வாட்ஸ்அப்பில் கேட்பதைவிடச் சீக்கிரமாக, நம்பி எடுக்கக்கூடிய சரியான தாள் இங்கே கிடைக்கிறதா? கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான். மைக்ரோசாஃப்ட் 365-இல் வரும் ஷேர்பாயிண்ட் ஆன்லைனை வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் ஷேர்பாயிண்ட் எங்கே ஓடுகிறது?

சர்வர் அறையில் ஓடுகிறதென்றால் முதலில் அதன் வயதைப் பாருங்கள். 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலோடு முடிந்தது. 2016, 2019 இரண்டுக்கும் கடைசித் தேதி 2026 ஜூலை 14. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களை நம்பி இருக்க முடியாது. 2025 ஜூலையில் 'டூல்ஷெல்' என்று பேர் வைத்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட தாக்குதல், இப்படி நிறுவனங்கள் தாங்களே வைத்திருந்த சர்வர்களைத்தான் குறிவைத்தது. ஆன்லைன் பதிப்பு அதில் சிக்கவில்லை. சொந்த சர்வர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் என்ற இப்போதைய சர்வர் பதிப்புக்கு மாறுங்கள். மாறும்வரை அதை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

படி 2: ஒவ்வொரு சைட்டுக்கும் இரண்டு பேர்

சைட் என்பது ஷேர்பாயிண்டுக்குள் ஒரு துறைக்கோ வேலைக்கோ உள்ள தனி இடம். டிசைன், வண்ணம், லோகோ எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். எக்ஸெலில் ஒரு பட்டியல் போடுங்கள்: சைட்டின் பெயர், அது எதற்காக, உரிமையாளர் இருவர், கடைசியாக அவர்கள் பார்த்து "சரி" சொன்ன தேதி. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் பிரசவ விடுப்பில் போகும்போது சைட்டும் கூடவே விடுப்பில் போய்விடும். அதனால்தான் இரண்டு பேர்.

உரிமையாளர் ஐ.டி. ஆளாக இருக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். குவாலிட்டி துறையின் சைட்டில் எந்த ஐ.எஸ்.ஓ. ஆவணம் செல்லும், எது காலாவதி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐ.டி. பூட்டும் சாவியும் கொடுக்கலாம், பீரோவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தத் துறை சொல்ல வேண்டும். மேனேஜரின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. அவர் தலையாட்டுவார், திறந்தே பார்க்க மாட்டார். நிஜமாக அந்த ஃபைல்களைப் புழங்கும் உதவியாளரை இரண்டாவது உரிமையாளராகப் போடுங்கள். பெரும்பாலும் வேலை அவரால்தான் நடக்கும்.

சேர்ந்து வேலை செய்யும் சைட்டுகளுக்குப் பின்னால் ஒரு மைக்ரோசாஃப்ட் 365 குழு, அதாவது உறுப்பினர் பட்டியல், இருக்கும். கேட்பாரற்றுக் கிடக்கும் குழுக்களுக்குக் காலாவதி வைக்கும் வசதி இருக்கிறது. 180 நாள், 365 நாள் அல்லது நீங்களே ஒரு கணக்கு. புழக்கத்தில் உள்ள குழு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், இல்லாதவற்றின் உரிமையாளருக்கு முன்கூட்டியே மெயில் போகும். அந்த மெயிலை யாரும் பார்க்காமல் குழு அழிந்தால் மீட்க 30 நாள்தான் உண்டு. ஆகவே பட்டியல் முடியாமல் இந்த வசதியைத் தொடாதீர்கள். இதற்கு என்ட்ரா ஐடி (மைக்ரோசாஃப்டின் லாகின் சேவை) பி1 லைசென்ஸ் வேண்டும் என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மரம் வளர்க்காதீர்கள்

பழைய ஷேர்பாயிண்டில் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிறுவனம் என்று ஒரு தாய் சைட், அதன் கீழ் துறை, துறையின் கீழ் பிரிவு, பிரிவின் கீழ் இன்னொன்று. நிறுவனத்தில் துறைகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஆண்டுக்கொரு முறை நடக்கும். ஸ்டோர்ஸை பர்ச்சேஸோடு சேர்த்த அன்று உங்கள் மரம் முறியும், லிங்க்குகள் எல்லாம் உடையும்.

இப்போதைய வழி, எல்லா சைட்டையும் தனித்தனியாகச் சமதளத்தில் வைத்து ஹப் சைட்டில் இணைப்பது. ஹப் பொதுவான மெனுவையும் தோற்றத்தையும் தேடலையும் தரும், யார் எதைப் பார்க்கலாம் என்பதில் கை வைக்காது. ஒரு சைட் ஒரு நேரத்தில் ஒரு ஹப்பில்தான் இருக்க முடியும். பிடிக்கவில்லையா, கழற்றி வேறொன்றில் மாட்டலாம். மரத்தில் அது நடக்காது.

சைட் இரண்டு வகை. சிலர் எழுதிப் பலர் படிப்பதற்குக் கம்யூனிகேஷன் சைட்: எச்.ஆர். விதிகள், பாதுகாப்பு அறிவிப்பு, முகப்பு. எல்லோரும் சேர்ந்து வேலை செய்வதற்கு டீம் சைட். எச்.ஆர். துறைக்கு இரண்டுமே தேவைப்படும். ஊழியர்கள் படிப்பது ஒன்று, எச்.ஆர். ஆட்கள் வரைவு எழுதித் திருத்துவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றில் போட்டு பெர்மிஷனால் பிரிக்கப் பார்த்தவர்கள், அரைகுறை போனஸ் சுற்றறிக்கை ஊர் முழுக்கப் பரவிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

டீம்ஸில் (மைக்ரோசாஃப்டின் அரட்டை, மீட்டிங் ஆப்) ஒரு டீம் திறந்தால் பின்னால் ஒரு ஷேர்பாயிண்ட் சைட்டும் பிறக்கிறது. அதற்குள் சிலருக்கு மட்டும் என்று பிரைவேட் சேனல் திறந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. பலருக்கு இது தெரியாது. யார் வேண்டுமானாலும் டீம் திறக்கலாம் என்று விட்டால் ஆறு மாதத்தில் "டெஸ்ட்", "டெஸ்ட் 1", "ரவி டீம்" என்று குப்பை சேரும். முழுக்கப் பூட்டினாலோ ஆட்கள் கூகுள் டிரைவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஓடுவார்கள். ஒரு சின்னக் கோரிக்கைப் படிவம் போதும்: பெயர், நோக்கம், இரண்டு உரிமையாளர். அன்றைக்கே திறந்து கொடுங்கள். தாமதித்தால் அந்தப் படிவத்தையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

படி 4: பழைய டிரைவை அப்படியே கொட்டாதீர்கள்

வீடு மாறும்போது அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே புது வீட்டுப் பரணில் ஏற்றுவோமே, அந்தக் கதைதான். ஷேர்டு டிரைவிலிருந்து இரண்டு வருஷத்தில் தொட்ட ஃபைல்களை மட்டும் முதலில் கொண்டு வாருங்கள். மீதியைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பழைய இடத்திலேயே ஒரு வருஷம் வையுங்கள். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுங்கள். எவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கொண்டு வரும்போது சில எல்லைகள் இடிக்கும். ஃபோல்டர் பாதையும் ஃபைல் பெயரும் சேர்ந்து 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. எக்ஸெலுக்கு எல்லை இன்னும் கீழே: பாதையோடு சேர்த்து 218. "2019-20 ஆடிட்", அதற்குள் "ஆடிட் குறிப்புகள்", அதற்குள் "ஆடிட் குறிப்புகள் திருத்தியது" என்று ஏழு ஆழம் போனால் எக்ஸெல் திறக்காது, பழி ஷேர்பாயிண்டின்மேல் விழும். பெயரில் நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு இதெல்லாம் ஆகாது. தேதிக்குச் சாய்கோடு போடாமல் இணைகோடு போடப் பழக்குங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாமா? தாராளமாக. 400 எழுத்துக் கணக்கு, சதவீதக் குறிகளாக மாறாத, நாம் படிக்கிற பாதைக்குத்தான், அதனால் தமிழுக்கென்று தனி நஷ்டம் இல்லை. முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால்தான் கண்றாவி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது இடம் பிடிக்கும். 'கி' என்ற ஓரெழுத்தே 'க', கொக்கி என இரண்டு குறி, ஆக பதினெட்டு இடம். அதை வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார். 'காப்பி லிங்க்' பட்டன் கொடுக்கும் லிங்க்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது 5,000. ஒரு லைப்ரரியில் (சைட்டுக்குள் ஃபைல்களை வைக்கும் இடம்) 3 கோடி ஃபைல்வரை வைக்கலாம், ஆனால் ஒரு பார்வைக்கு 5,000-க்கு மேல் அலசச் சொன்னால் மறுக்கும். இன்வாய்ஸ் மாதிரி வேகமாகச் சேரும் லைப்ரரிகளில் சப்ளையர், மாதம், வகை என்று காலம்களை (column, ஃபைலைப் பற்றிய விவரத்துக்கான நெடுவரிசை) முதல் நாளே போட்டு, சீக்கிரம் தேடும்படி இண்டெக்ஸ் செய்துவிடுங்கள். காலம் இருந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் தேவைப்படாது. அதே இன்வாய்ஸை அக்கவுன்ட்ஸ் மாதப்படியும் பர்ச்சேஸ் சப்ளையர்படியும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஏழெட்டுக் காலம் போட்டுக் கட்டாயமாக நிரப்பச் சொன்னால் எல்லோரும் முதல் தெரிவையே அமுக்கிவிட்டுப் போவார்கள். மூன்றைத் தாண்டாதீர்கள்.

ஃபைல் பெயரில் வருஷமும் வெர்ஷனும் வேண்டாம். "லீவ் ஃபார்ம்" என்றால் என்றைக்கும் "லீவ் ஃபார்ம்". புதியது வந்தால் அதே பெயரில் மேலேயே ஏற்றுங்கள். லிங்க் மாறாது, பழையது வெர்ஷன் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். எங்கள் நான்கு லீவ் ஃபார்ம் ஒன்றானது இப்படித்தான்.

படி 5: பெர்மிஷன்

நிறைய நேரம் இதற்குச் செலவழியுங்கள்.

ஓனர், மெம்பர், விசிட்டர் என்று ஒவ்வொரு சைட்டிலும் மூன்று குழு இருக்கும். முழு உரிமை, திருத்தலாம், படிக்கலாம். ஆட்களை இவற்றில் மட்டும் சேருங்கள். தனி ஃபோல்டருக்கோ தனி ஃபைலுக்கோ ஒருவர் பெயரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் மேலிருந்து வரும் பெர்மிஷன் சங்கிலி அறுகிறது. இப்படி அறுந்தவை ஒரு லைப்ரரியில் 5,000-க்குள் இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. அதற்கு வெகு முன்பே உங்கள் தலை சுற்றிவிடும். ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வேறு ஆட்கள் வேண்டுமென்றால், அது வேறு சைட்டில் இருக்க வேண்டிய ஃபோல்டர்.

பயப்பட வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது: 'எவ்ரிஒன் எக்செப்ட் எக்ஸ்டெர்னல் யூசர்ஸ்'. பார்க்க அப்பாவியாக இருக்கும். நிறுவனத்தில் லாகின் உள்ள அத்தனை பேர் என்று அர்த்தம். யாரோ அவசரத்தில் ஒரு சைட்டில் சேர்த்துவிட்டு மறந்திருப்பார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சம்பள உயர்வு ஷீட் இப்படித்தான் திறந்து கிடந்தது. ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அந்த ஃபோல்டருக்குப் போகவில்லை. ஒரு நாள் ஒருவர் தன் பெயரையே தேடலில் தட்டிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளமும் சேர்ந்து வந்தது. அந்த வாரம் எப்படிப் போனது என்று நான் விவரிக்கவில்லை.

கோபைலட் (மைக்ரோசாஃப்டின் ஏ.ஐ. உதவியாளர்) வாங்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஒருவருக்குத் திறக்க உரிமை உள்ளதை மட்டும்தான் கோபைலட் எடுத்துச் சொல்லும், உண்மைதான். ஆனால் உரிமை தவறுதலாக இருந்தால், அதையும் அழகான வாக்கியத்தில் சொல்லும். இத்தனை நாள் நம்மைக் காப்பாற்றியது பெர்மிஷன் என்று நினைத்திருப்போம், உண்மையில் அந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாததுதான் காப்பாற்றியது.

சோதிக்க எளிய வழி ஒன்று. எந்தக் குழுவிலும் இல்லாத ஒரு டெஸ்ட் ஊழியர் கணக்கைத் திறங்கள். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி மாதிரி உள்ளே போய் "சம்பளம்", "ஆதார்", "பான்", "பாஸ்வேர்ட்", "வார்னிங் லெட்டர்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். வருவதையெல்லாம் குறித்து, அந்தந்த உரிமையாளருக்கு அனுப்புங்கள். ஆதார் நகல்கள் திறந்து கிடந்தால் அது சங்கடம் மட்டுமல்ல, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு நிறுவனத்தின் பொறுப்பும்கூட.

கடைசியாகப் பகிர்வு லிங்க். ஷேர் பட்டனின் இயல்பு நிலையை 'குறிப்பிட்ட நபர்கள்' அல்லது 'ஏற்கெனவே அணுகல் உள்ளவர்கள்' என்று அட்மின் மையத்தில் மாற்றுங்கள். லாகின் இல்லாமலே எவரும் திறக்கும் லிங்க், வெளி ஆடிட்டருக்கோ சப்ளையருக்கோ தேவைப்படும் சைட்டுகளில் மட்டும் இருக்கட்டும், அதற்கும் காலாவதித் தேதி வையுங்கள்.

படி 6: தேடினால் கிடைக்க வேண்டும்

நம் அலுவலகங்களுக்கென்றே ஒரு வினை இருக்கிறது. பழைய தமிழ் ஃபைல்கள் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த 'அம்மா' கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. தேடலில் யூனிகோடில் (எல்லாக் கணினியும் ஒரேபோல் படிக்கும் எழுத்துமுறை) "அம்மா" என்று தட்டினால் எப்படிக் கிடைக்கும்? எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து ஏற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்ற ஆள் இல்லையென்றால் ஃபைலின் பெயரையும் தலைப்புக் காலத்தையுமாவது யூனிகோடில் எழுதுங்கள், பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடிப்பவர் இருந்தால் அவர் கணினியில் முதலில் விசைப்பலகையை மாற்றிக் கொடுங்கள்.

இன்னொன்று, ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு ஒரு சொல். லீவ், விடுப்பு, பெர்மிஷன் ஸ்லிப், சி.எல். மைக்ரோசாஃப்ட் தேடலில் 'புக்மார்க்' என்ற வசதி உண்டு. இந்தச் சொற்கள் எதைத் தட்டினாலும் முதல் விடையாக லீவ் ஃபார்ம் பக்கம் வரும்படி நீங்களே வைக்கலாம். எதற்கெல்லாம் வைப்பது என்று யோசிக்க வேண்டாம். எந்தத் தேடலுக்கு விடை கிடைக்கவில்லை என்ற அறிக்கை அட்மின் மையத்திலேயே இருக்கிறது. முதல் மாதம் அதைப் பார்த்தபோது மேலே இருந்த ஒரு சொல் "கேன்டீன்". நாங்கள் கேன்டீன் பற்றி ஒரு வரி வைத்திருக்கவில்லை. மறுநாளே வார மெனு ஏறியது. எம்.டி.யின் செய்தியைவிட அதற்குத்தான் இன்றைக்கும் கூட்டம்.

படி 7: இடம், அழிப்பு, மீட்பு

நிறுவனத்துக்கு 1 டி.பி., அதோடு லைசென்ஸ் உள்ள ஆளுக்கு 10 ஜி.பி. என்பது பொதுவான கணக்கு. தாராளம் போலத் தெரியும். இயல்பாக ஒரு ஃபைலுக்கு 500 வெர்ஷன்வரை சேரும், ஒவ்வொன்றும் இடத்தில் கணக்காகும் என்பது பிறகுதான் உறைக்கும். 50 எம்.பி. பிரசன்டேஷனை நாலு பேர் ஒரு வாரம் திருத்தினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெர்ஷன் எல்லையைத் தானியங்கி முறைக்கு மாற்றினால் பழையவற்றை அதுவே குறைத்துக்கொண்டு வரும்.

அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும். வைரஸ் தாக்கி லைப்ரரி முழுக்கப் பாழானால் கடந்த 30 நாளுக்குள் ஒரு நேரத்துக்குத் திருப்பலாம். இதை பேக்அப் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ச்சில் யாரோ அழித்ததை ஆடிட்டர் செப்டம்பரில் கேட்பார். கணக்குவழக்கு, ஊழியர் பதிவு போன்றவற்றுக்குத் தக்கவைப்புக் கொள்கை (குறித்த காலம்வரை அழியாமல் காக்கும் விதி) அல்லது தனி பேக்அப் அவசியம்.

படி 8: ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது

எச்.ஆரின் 'நோ டியூஸ்' படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: இவர் எந்த சைட்டின் உரிமையாளர், எந்த ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) இவர் பெயரில் ஓடுகிறது? கணக்கை நீக்கியபின் அவருடைய ஒன்டிரைவ் (அவருக்கென்று உள்ள தனி ஃபைல் இடம்) இயல்பாக 30 நாள்தான் இருக்கும். துறையின் முக்கிய ஷீட் அதில்தான் இருந்தது என்பது 31-ஆம் நாள் தெரிய வரும். ஃப்ளோக்களை ஓட்டும் பவர் ஆட்டோமேட்டில் ஒப்புதல் ஃப்ளோ அவர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அது சத்தமில்லாமல் நிற்கும், பர்ச்சேஸ் ஆர்டர்கள் எங்கோ தொங்கும். முக்கியமான ஃப்ளோக்களுக்குத் துணை உரிமையாளர் வையுங்கள். பழைய 2013 வகை வொர்க்ஃப்ளோ இன்னும் கைவசம் இருந்தால் கவனம்: ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் அதற்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2.

படி 9: மாதம் ஒரு மணி நேரம்

முதல் திங்கள் காலை, காலண்டரில் போட்டுவிடுங்கள். விடை கிடைக்காத தேடல்கள், உரிமையாளர் இல்லாத சைட்டுகள், புதிதாக உருவான வெளி லிங்க்குகள், இடம் அதிகம் தின்னும் ஐந்து சைட்டுகள், ஒரு வருஷமாகத் திருத்தப்படாத முகப்புப் பக்கங்கள். டெஸ்ட் ஊழியர் கணக்கில் பத்து நிமிஷம். கண்டதை உரிமையாளர்களுக்கு மெயிலில் அனுப்பாதீர்கள். நேரில் போய் அவர்கள் திரையிலேயே காட்டிச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

படி 10: ஷாப் ஃப்ளோர்

இதைத்தான் நான் கடைசியாகக் கற்றேன், நீங்கள் முதலில் செய்யலாம். மெஷினில் நிற்பவருக்கு மேஜையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இப்படிப்பட்ட களப்பணியாளருக்கென்று உள்ள எஃப் வகை லைசென்ஸ் அவருக்குப் போதும், ஆனால் லாகினை உருவாக்கிவிட்டு பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது சட்டைப் பையிலேயே துவைந்துபோகும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டைம் ஆஃபீஸ் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தோம். போனில் ஆப் இறக்கி, ஆத்தென்டிகேட்டர் (லாகின் செய்வது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் ஆப்) போட்டு, லீவ் ஃபார்ம் திறந்து பார்க்கும்வரை ஒவ்வொருவரோடும் இருந்தோம். நான்கு நாள் ஆனது. பஞ்சிங் மெஷினுக்கு மேலே ஒரு கியூ.ஆர். குறியும் ஒட்டினோம், நேராக ஃபார்முக்குப் போக.

எச்.ஆர். மேடத்திடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: இனி யார் கேட்டாலும் போட்டோ வேண்டாம், லிங்க் மட்டும் போடுங்கள். மறுவாரம் அதே சூப்பர்வைசர் குழுவில் வந்தார். "லிங்க் தொறக்க மாட்டேங்குதுங்க சார்." போய்ப் பார்த்தேன். புதுப் போன் மாற்றியிருக்கிறார், ஆத்தென்டிகேட்டர் பழைய போனில் இருக்கிறது, பழைய போன் பையன் கையில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. போன் மாற்றினால் என்ன செய்வது என்று தமிழில் அரைப்பக்கம் எழுதி, படத்தோடு அன்றைக்கே ஏற்றினேன். லாகின் போனவர் அதை எப்படித் திறப்பார் என்று ராத்திரி தோன்றியது. காலையில் அதையே அச்சடித்துப் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டினேன்.